வேட்டுவனும் புழுவும்: கொல்லொட்டுண்ணிகளின் இயல்பும் பெயரும்

மெய்ப்பொருள் நூல்களைப் பயின்றோர் வேட்டுவன் என்னும் குளவியைப் பற்றிய உவமையை நன்கு அறிவர். வேட்டுவன் ஒரு பச்சைப் புழுவைப் பற்றிக் கொணர்ந்து தன் மண்கூட்டினுள் இட்டு அடைக்கும். கூட்டின் புறத்தே இருந்து முரலும். அவ்வொலியைக் கேட்டுக் கேட்டுத் தன்னை மறந்த புழு, வேட்டுவனையே நினைந்து, இறுதியில் வேட்டுவனாகவே உருமாறிச் சிறகு பெற்று வெளிப்படும் என்பது அவ்வுவமையின் பொருளாகும். ஆசிரியனை அடுத்த மாணாக்கன் ஆசிரியனாதலையும், இறைவனை இடைவிடாது நினையும் உயிர் அவன் தன்மை எய்துதலையும் விளக்கச் சைவரும் வேதாந்திகளும் இதனை எடுத்தாண்டனர். வடமொழியார் இதனைப் பிரமர கீட நியாயம் என வழங்குவர்.

உவமையைக் குறைகூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. உவமை கருத்தை விளக்க வந்ததேயன்றி உயிர்நூல் கூற வந்ததன்று. ஆயினும், அவ்வுவமை பிறப்பதற்கு நிலைக்களமான காட்சி யாது? அக்காட்சியின் உண்மை யாது? அவ்வுண்மை மதுரையைச் சூழ்ந்த வயல்களின் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது? அதனைக் குறிக்கத் தமிழில் தக்க சொல் உண்டா? இந்நான்கு வினாக்களையும் ஈண்டு ஒருங்கே ஆராய்வோம். முதல் மூன்றும் உயிர்நூலைச் சார்ந்தவை போலத் தோன்றினும், நான்காவது வினாவிற்கு விடை காண அவை மூன்றும் இன்றியமையாதன.

1. கண்டதும் கருதியதும்

வீட்டுச் சுவரிலும் கதவு நிலையிலும் மண்கூடு கட்டும் குளவியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஈர மண்ணை உருட்டிக் கொணர்ந்து அப்பும்போது அது உரத்த ஒலி எழுப்புகின்றது. மண்ணை இளக்கிப் பரப்புவதற்காகத் தன் உடலை அதிரச் செய்வதால் எழும் ஒலி அது. பழையோர் 'ஓதுதல்' எனக் கொண்டது இவ்வொலியையே ஆகலாம். கூடு முடிந்தபின் குளவி புழுவையோ சிலந்தியையோ கொணர்ந்து உள்ளே வைக்கின்றது; வாயை அடைக்கின்றது; சில நாள் கழித்து அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு இளங்குளவி வெளிவருகின்றது. புழு உள்ளே சென்றது, குளவி வெளியே வந்தது என்னும் இவ்வளவும் கண்ணாற் கண்ட உண்மை. புழுவே குளவியாயிற்று என்பது மட்டுமே கருதல் அளவை.

அக்கருதல் ஏன் பிழைத்தது? இடையில் நிகழ்ந்தது சுவருக்குள் மறைந்திருந்தமையே காரணம். தாய்க்குளவி இரையைக் கொல்வதில்லை. கொடுக்கால் கொட்டிச் செயலறச் செய்கின்றது. அதனால் இரை அழுகாமல் கிடக்கின்றது. உடன் ஒரு முட்டையையும் இடுகின்றது. குடுவை போன்ற கூடு கட்டும் ஒருவகைக் குளவி, தன் முட்டையைக் கூட்டின் முகட்டிலிருந்து மெல்லிய இழையில் தொங்கவிடுகின்றது. முட்டையிலிருந்து பொரித்த குளவிப்புழு, கிடத்தி வைத்த இரையை உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பின் குளவியாகின்றது. சிலந்திகளைக் கொண்டு கூட்டை நிரப்பும் மண்குளவி ஒன்றற்கு 1781ஆம் ஆண்டில் பாபிரிசியசு என்னும் அறிஞர் சூட்டிய அறிவியற் பெயரில் மதராசுபட்டினத்தின் பெயரே அமைந்துள்ளது.

இக்கருத்து நம் நாட்டிற்கே உரியதன்று. சீனரின் தொன்மையான பாடல் தொகையிலும், மல்பெரிப் புழுவைக் குளவி சுமந்து செல்லும் காட்சி இடம்பெற்றுள்ளது. குளவி அப்புழுவைத் தன் பிள்ளையாக வளர்ப்பதாக அந்நாட்டு உரையாளர் கொண்டனர். அதனால் சீன மொழியில் அப்புழுவின் பெயரே வளர்ப்பு மகனைக் குறிக்கும் சொல்லாயிற்று. கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவோ ஓங்சிங் என்பார் கூட்டை உற்றுநோக்கி, புழு பிள்ளையன்று, பிள்ளைக்கு உணவே என்று தெளிவுபடுத்தினார். ஐரோப்பாவிலோ மயக்கம் வேறு வகையாக எழுந்தது. 1662ஆம் ஆண்டில் கோடார்ட்டு என்னும் ஒல்லாந்து ஓவியர் தாம் வளர்த்த கம்பளிப்புழுக்கள் சிலவற்றிலிருந்து பட்டாம்பூச்சியும், வேறு சிலவற்றிலிருந்து சிறு குளவிகளும் ஈக்களும் வெளிவரக் கண்டார். ஒரே புழு இருவகையாக உருமாறுகின்றது என அவர் எண்ணினார். 1700ஆம் ஆண்டை ஒட்டியே இத்தாலிய அறிஞர் வாலிசுனேரி முதலியோர் இதன் உண்மையை விளக்கினர். வெளிவந்த குளவி புழுவின் மாற்றுருவன்று. புழுவின் உடலுள் வாழ்ந்து அதனை உண்டு முடித்த வேற்றுயிர் என்பதே அவ்வுண்மை.

கோடார்ட்டு கண்ட உயிருக்கும் நம் வேட்டுவனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வேட்டுவன் இரையைத் தன் வீட்டிற்குக் கொணர்கின்றது. மற்றையது இரையின் உடலையே தன் பிள்ளைக்கு வீடாக்குகின்றது. இப்பின்னையதே இக்கட்டுரையின் பொருள்.

2. மூன்றாம் வகை உயிர்

பிற உயிரை உண்டு வாழும் உயிர்களைப் பொதுவாக இருவகையாகப் பகுப்பர். புலியும் பருந்தும் போல இரையைக் கொன்று உண்பன ஒரு வகை. பேனும் உண்ணியும் குடற்புழுவும் போல ஓருயிரை ஒட்டியிருந்து, அதனைக் கொல்லாமலே உறிஞ்சி வாழ்வன மற்றொரு வகை. முன்னது தன் வாழ்நாளில் பல உயிரைக் கொல்லும். பின்னது பெரும்பாலும் ஒன்றையும் கொல்லாது. ஒட்டியிருக்கும் உயிர் இறந்தால் தானும் இறக்க நேரிடும் ஆதலின், கொல்லாமை அதற்கே நலமாகும்.

நாம் எடுத்துக்கொண்ட பூச்சிகள் இவ்விரண்டிலும் அடங்கா. இளம்பருவத்தில் ஒட்டுண்ணி போல ஒரே உயிரின் உள்ளோ மேலோ தங்கி உண்கின்றன. ஆயின் வளர்ச்சி முடியுங்கால் அவ்வுயிரைத் தவறாது கொன்றுவிடுகின்றன. வளர்ந்தபின் தாமே தனித்துப் பறந்து திரிகின்றன. பூந்தேனும் பனித்துளியும் அவற்றின் உணவு. ஒட்டுண்ணியாகத் தொடங்கி வேட்டுயிராக முடியும் இவ்வாழ்க்கை ஒரு தனி வகை என உணர்ந்து, 1913ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு அறிஞர் ராய்ட்டர் இதற்குத் தனிப்பெயர் இட்டார். அறியப்பட்ட பூச்சியினங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வகையின என மதிப்பிடுவர். அவற்றுள் மிகப் பல குளவிக் குலத்தின; அடுத்து ஈக்கள்; பிற மிகச் சில.

3. சொல்லாராய்ச்சி

தமிழில் இவ்வகையைக் குறிக்க இன்று வழங்கும் சொல் 'ஒட்டுண்ணி' என்பதே. வேளாண்மைத் துறையினர் இடும் அறிவுரைகளில் முட்டை ஒட்டுண்ணி, புழு ஒட்டுண்ணி, கூட்டுப்புழு ஒட்டுண்ணி என்னும் வழக்குகளைக் காண்கிறோம். அச்சொல்லே மருத்துவ நூல்களில் குடற்புழுவையும், கால்நடை நூல்களில் உண்ணியையும் குறிக்கின்றது. இதனால் வரும் இடர்ப்பாடு சிறிதன்று. உழவன் காதில் ஒட்டுண்ணி என்பது ஒழிக்கத்தக்க பொருளின் பெயராகவே விழுகின்றது. ஒழிக்க வேண்டியதற்கும் காக்க வேண்டியதற்கும் ஒரே பெயர் இட்டு வைத்தால், அறிவுரை எவ்வளவு தெளிவாயினும் சொல் அதற்கு எதிராக நிற்கும்.

மாற்றுச்சொல் காணுமிடத்துச் சில நெறிகளைக் கொள்ளல் வேண்டும். 'குளவி' என்றே சொல்லலாம் எனின், ஈக்களும் இவ்வகையுள் அடங்குதலின் அது குன்றக் கூறலாகும். 'ஒட்டுக்கொல்லி' எனலாமோ எனின், பூச்சிக்கொல்லி என்பது பூச்சியைக் கொல்வது என வேற்றுமைப் பொருள் தருதல் போல, ஒட்டுக்கொல்லி என்பதும் ஒட்டைக் கொல்வது எனப் பொருள்பட்டு மயங்கும். 'வேட்டுவன்' என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம் எனின், அது இரையைத் தன் கூட்டிற்குக் கொணரும் குளவிக்கு உரிய பெயராதலின் அதனை அதற்கே விட்டுவைத்தல் முறை.

'கொல்லொட்டுண்ணி' என்பது தகும் எனக் கருதலாம். கொல்களிறு, கொல்புலி என்பன போல இஃது ஒரு வினைத்தொகை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வர இரட்டுதல் என்னும் புணர்ச்சி விதிப்படி கொல் என்பதும் ஒட்டுண்ணி என்பதும் கொல்லொட்டுண்ணி எனப் புணரும். வினைத்தொகை காலங்கரந்து நிற்பது. கொன்ற, கொல்கின்ற, கொல்லும் என மூன்று காலமும் அதனுள் மறைந்து கிடக்கும். இவ்வுயிரின் தொழிலும் அவ்வாறே கரந்து நிகழ்வது. முட்டையிட்ட அன்றே சாவு உறுதியாகிறது. ஆயினும் இரை பல நாள் உயிருடன் மேய்ந்துகொண்டே இருக்கிறது. பழகிய வழக்கை உடனே மாற்றல் அரிது என்பது உண்மையே. ஆயினும், வேறுபாடு காட்ட வேண்டிய இடத்திலேனும் இச்சொல் பயன்படும். இனி இக்கட்டுரையில் இச்சொல்லே ஆளப்பெறும்.

4. வாழும் முறைகள்

கொல்லொட்டுண்ணிகளை அவை தாக்கும் பருவம் நோக்கி முட்டையைத் தாக்குவன, புழுவைத் தாக்குவன, கூட்டுப்புழுவைத் தாக்குவன எனப் பகுக்கலாம். உண்ணும் முறை நோக்கியும் இரண்டாகப் பகுக்கலாம். இரையை உடனே செயலறச் செய்து, கிடந்த நிலையிலேயே உண்பன ஒரு வகை. இவற்றைக் கிடத்தி உண்பன எனலாம். இரையைத் தடையின்றி மேயவும் வளரவும் விட்டு, அதன் வளர்ச்சியையே தம் வளர்ச்சிக்கு உணவாக்குவன மற்றொரு வகை. இவற்றை வளரவிட்டு உண்பன எனலாம். பின்னைய வகையின் புழுக்கள் இரையின் உயிர்நிலை உறுப்புகளைத் தொடாது, கொழுப்பையும் குருதியையும் முதலில் உண்டு, இதயத்தையும் நரம்பையும் இறுதிக்கு விட்டுவைக்கின்றன.

இரையின் உடலும் வாளா இருப்பதில்லை. உள்ளே புகுந்த அயல்முட்டையைக் குருதியணுக்கள் சூழ்ந்து மூச்சடைக்கச் செய்து அழிக்க முயலும். இதற்கு எதிராகச் சில குளவியினங்கள் வியத்தகு படைக்கலம் ஒன்றைக் கொண்டுள்ளன. முட்டையோடு உடன் செலுத்தப்படும் நச்சுயிரித் துகள்கள் இரையின் எதிர்ப்பாற்றலை அடக்கி விடுகின்றன. அத்துகள்களை ஆக்கும் மரபுக்கூறுகள் குளவியின் உடலணுக்களிலேயே பதிந்து தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன. என்றோ நோயாய்ப் புகுந்த ஒன்று, இன்று குளவியின் குடிப்பொருளாய் நிற்கின்றது.

இரையைத் தேடுதலும் எளிய செயலன்று. அரை மில்லிமீட்டர் உடலுடைய குளவி பரந்த வயலில் ஒரு முட்டைத் தொகுதியைக் கண்டறிய வேண்டும். இதற்குக் கண்ணினும் மோப்பமே அதற்குத் துணை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் புலன் கொண்டு பகுக்கும்போது எறும்பை மூக்குணர்வோடு நிற்கும் மூவறிவுயிராகவும், தும்பியைக் கண்ணுணர்வும் பெற்ற நான்கறிவுயிராகவும் வைத்தமை நினைக்கத்தக்கது. பூச்சிக்கு மூக்காய் நிற்பது அதன் உணர்கொம்பே. புழு கடித்த பயிர், கடிபடாத பயிரினின்று வேறான மணத்தைக் காற்றில் விடுகின்றது. அம்மணத்தைப் பற்றியே குளவி வருகின்றது. பயிர் தன் பகைவனின் பகைவனை அழைக்கின்றது என இதனை அழகுபடக் கூறுவர். அழைக்கும் எண்ணம் பயிருக்கு உண்டு என்று கொள்ள வேண்டா. விளைவு அவ்வாறு அமைகின்றது என்பதே போதும்.

இத்தகைய உயிர்கள் எல்லாம் மனிதனுக்கு நட்பு என்றும் கொள்ளல் ஆகாது. பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈயும் ஒரு கொல்லொட்டுண்ணியே. 1980ஆம் ஆண்டில் அது கருநாடகத்தில் நுழைந்து, தென்னாட்டுப் பட்டு வளர்ப்போருக்குப் பெருந்துன்பமாயிற்று. அந்த ஈயின் கூட்டுப்புழுவைத் தாக்கும் சிறு குளவி ஒன்றை வளர்த்து விட்டே அத்துன்பத்தைத் தணிக்கின்றனர். ஆகவே நட்பும் பகையும் உயிரின் இயல்பு அன்று. அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

5. மதுரைச் சமவெளியில்

வையையாற்றின் பாசனமும், 1895ஆம் ஆண்டு முதல் பெரியாற்று அணையின் நீரும் மதுரையைச் சூழ்ந்த நிலத்தை நெல் விளையும் வயலாக்கின. வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர் வட்டாரங்களில் நெல்லும், கரும்பும், வாழையும், தென்னையும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் பருத்தியும் சிறுதானியமும் பயறும் என நிலத்திற்கேற்பப் பயிர் வேறுபடும். பயிர் வேறுபடப் பூச்சியும் வேறுபடும். பூச்சி வேறுபட அதன் கொல்லொட்டுண்ணியும் வேறுபடும்.

உழவர் தம் பகைகளுக்கு இட்ட பெயர்கள் நம் மொழியின் செல்வங்கள் ஆகும். வயல் புகைந்தாற்போல் காய்தலின் புகையான். தண்டைத் துளைத்தலின் தண்டுதுளைப்பான். தென்னையைத் தின்னும் கரிய தலையினது கருந்தலைப் புழு. இவற்றுள் மிக அழகியது ஆனைக்கொம்பன் என்பது. கொசுவைப் போன்ற சிறு ஈ ஒன்று நெற்பயிரில் முட்டையிடுகின்றது. பொரித்த புழு தூரின் குருத்தை அடைந்து அங்கே தங்க, இலை விரியாமல் வெண்மையான குழலாய், யானைத் தந்தம் போல நீண்டு வளர்கின்றது. அத்தூர் பின்னர்க் கதிர் ஈனாது. வானம் மூடி ஈரம் மிகும் பருவத்தில் இப்பூச்சி பெருகும். மதுரை வட்டாரம் இதனால் நெடுங்காலம் துன்புற்ற பகுதி. 1965ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட ம.து. 3 என்னும் நெல்வகை இதனைத் தாங்கும் ஆற்றலுடையது.

ஆனைக்கொம்பனின் பெயரை அறியாத உழவர் இலர். ஆனைக்கொம்பனைக் கொல்லும் குளவியின் பெயரை அறிந்தவரோ மிகச் சிலர். பிளாட்டிகேசுடர் எனும் பேரினத்தைச் சேர்ந்த அக்கரிய குளவி கண்ணுக்கு ஒரு புள்ளி போலத் தோன்றும். ஆனைக்கொம்பனின் முட்டையிலோ அப்போதே பொரித்த புழுவிலோ அது தன் முட்டையை வைக்கின்றது. அம்முட்டை ஒன்றே பலவாகப் பிரிந்து பல கருக்களாகின்றது. முடிவில், ஆனைக்கொம்பனின் புழு வெறுந்தோலாய் நிற்க, அதனுள் நெருங்கி வளர்ந்த பல குளவிகள் வெளிவருகின்றன. ஒரு முட்டையினின்று ஒரு குழு பிறக்கும் இவ்வியல்பு உயிர்நூலில் மிக அரிய செய்திகளுள் ஒன்று.

இதில் ஒரு குறையும் உண்டு. பகை பெருகிய பின்னரே அதன் பகையும் பெருகும். பருவத்தின் இறுதியில் பெரும்பாலான கொம்புகளுள் குளவியே இருக்கும். ஆயின் அதற்குள் தூர்கள் கெட்டிருக்கும். இக்காலத் தாழ்வை நீக்கவே, குளவி குடிகொண்ட கொம்புகளைப் பறித்து, நட்ட பத்தாம் நாளில் புதிய வயலில் பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்றாக வைக்குமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறுகின்றனர். கெட்ட தூரைப் பறித்து எரிப்பதே முறை என எண்ணுவார்க்கு இஃது எதிர்மாறாகத் தோன்றும். எரிக்கும் கொம்பினுள் பகையும் இருக்கலாம், துணையும் இருக்கலாம் என்பது அறிந்தார்க்கே விளங்கும்.

தண்டுதுளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் எதிராகப் பயன்படுவன டிரைக்கோகிரம்மா என்னும் முட்டைக் குளவிகள். இவை பிற பூச்சியின் முட்டைக்குள்ளேயே முட்டையிடுவன. ஆதலின் பயிரைக் கடிக்கும் புழு பிறப்பதேயில்லை. பிற கொல்லொட்டுண்ணிகள் தீங்கு நிகழ்ந்தபின் வர, இவை தீங்கிற்கு முன்னே வருகின்றன. அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இக்குளவிகளை வளர்க்கின்றனர். குளவி புகுந்த முட்டை சில நாளில் கருநிறம் அடைகின்றது. எட்டு முதல் பத்து நாளில் குளவி வெளிவருகின்றது. நெல்லில் தண்டுதுளைப்பானுக்கு ஓர் எக்டேருக்கு ஒரு முறைக்கு 5 கன செ.மீ. முட்டை என்னும் அளவில், நட்ட 30ஆம் நாளிலும் 37ஆம் நாளிலும் அட்டைகளை இலையின் அடியில் கட்டுவர். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு நான்காம் மாதம் முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாக ஆறு முறை இடுவர்.

தென்னந்தோப்பின் கருந்தலைப் புழுவுக்கு வேறொரு குளவி உண்டு. அது கிடத்தி உண்பனவற்றைச் சார்ந்தது. புழுவைக் கொட்டி அசைவறச் செய்து, அதன் உடல்மேல் முட்டைகளை வரிசையாக இட்டு, பிள்ளைகள் வளருமளவும் தாய் அருகிருந்து காக்கின்றது. தனித்து வாழும் குளவிகளிடைத் தாய் இவ்வாறு காத்திருத்தல் அருகியே காணப்படும்.

6. பப்பாளி மாவுப்பூச்சி

மேற்கூறியவை நம் நிலத்திலேயே இருந்த குளவிகள். அவை இல்லாவிடில் நேர்வது யாது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டிற்று. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம். ஆங்கு அது பெருந்தீங்கு செய்யும் பூச்சியாக எண்ணப்பட்டதில்லை. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் அது முதன்முதல் காணப்பட்டது. வந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பரவி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி எனப் பல செடிகளையும் வெள்ளை மாவாய் மூடிற்று. மெழுகுப் பூச்சின்கீழ் அது மறைந்திருத்தலின் மருந்து அதன் மேனியைச் சேர்வதில்லை. தெளிக்கத் தெளிக்க அது பெருகியதன்றிக் குறையவில்லை. மல்பெரி இலையில் மருந்து தெளித்தால் பட்டுப்புழு இறக்கும் என்னும் இடர் வேறு இருந்தது.

தாயகத்தில் அது அடங்கியிருந்ததற்குக் காரணம் அங்குள்ள குளவிகளே என்பது அறிஞர்க்கு முன்பே தெரியும். 2010ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள வேளாண்மைப் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. நம் நாட்டின் பயனுள்ள பூச்சிகளுக்கு அவை தீங்கு செய்யா என ஆய்ந்து தெளிந்தபின், அவ்வாண்டின் பிற்பகுதியில் அவை வெளியிடப்பெற்றன. அவற்றுள் அசெரோபேகசு பப்பாயே என்னும் குளவியே மிகச் சிறந்து நின்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதனைப் பெருக்கி உழவர்க்கு வழங்கின. விட்ட இடங்களில் சில மாதங்களுக்குள் மாவுப்பூச்சி அடங்கிற்று. அடங்கியதேயன்றி அற்றுப் போகவில்லை. மாவுப்பூச்சி சிறிதளவு இருந்தாலன்றிக் குளவியும் இராது. இரண்டும் குறைந்த அளவில் ஒன்றையொன்று தாங்கி நிற்றலே இம்முறையின் வெற்றி.

இதற்கு முன்மாதிரி ஆப்பிரிக்காவில் உண்டு. அங்கு 1970களில் மரவள்ளியை அழித்த வேறொரு மாவுப்பூச்சியை அடக்கத் தென்னமெரிக்கப் பராகுவே நாட்டிலிருந்து ஒரு குளவி கொணரப்பட்டது; அம்முயற்சியை நடத்திய ஆன்சு எர்ரன் 1995ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டில் கேரளத்தில் காணப்பட்டுப் பின்னர்த் தமிழ்நாட்டின் மரவள்ளி வயல்களிலும் பரவியபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவியே இங்கு வந்து, 2022ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் வெளியிடப்பெற்றது.

7. துணை அழியும் வழி

கண்ணுக்குப் புலனாகாத துணையை இழப்பது எளிது. இழந்ததை உணர்வது அரிது. பூச்சிக்கொல்லி தெளிக்கப்படும்போது தண்டுக்குள் இருக்கும் துளைப்பானும், சுருட்டிய இலைக்குள் இருக்கும் புழுவும், மெழுகின்கீழ் இருக்கும் மாவுப்பூச்சியும் ஓரளவு தப்புகின்றன. வெளியே திரிந்து தேடும் குளவியோ முதலில் மடிகின்றது. எஞ்சிய பகை தடையின்றிப் பெருகுகின்றது. புகையானின் வரலாறு இதற்குச் சான்று. நெல்லில் பல்வகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்துகளை மிகுதியாகத் தெளித்த நாடுகளில் புகையான் குறையாமல் மேலும் பெருகிற்று. இதனை உணர்ந்த இந்தோனேசிய அரசு 1986ஆம் ஆண்டில் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடைசெய்தது.

வளர்ந்த குளவிக்குப் பூந்தேன் வேண்டும் என்பதும் மறக்கத்தக்கதன்று. வரப்பில் பயறும் எள்ளும் பூக்குமாயின் குளவி அங்குத் தங்கி நீண்ட நாள் வாழும். பல முட்டைகள் இடும். வரப்பைப் புல்பூண்டு இன்றித் துடைத்துவிட்டால் வயல் தூய்மையாகத் தோன்றும். ஆயின் துணைக்கு உணவு இராது. வரப்பில் பயறு விதைக்கும் வழக்கம் பயன் ஒன்றற்கு மட்டுமன்று, இரண்டற்கு உரியது.

இயற்கையில் இவற்றின் பங்கு யாது எனக் கேட்பார்க்கு விடை இதுவே. ஓர் அந்துப்பூச்சி இடும் நூற்றுக்கணக்கான முட்டைகளில் சராசரி இரண்டே முதிர்ந்து இனம் பெருக்குமாயின் அவ்வினம் பெருகாமலும் குறையாமலும் நிற்கும். ஏனைய அழிய வேண்டும். அழிவில் ஒரு பகுதி மழைக்கும் வெயிலுக்கும் நோய்க்கும், ஒரு பகுதி பறவைக்கும் சிலந்திக்கும், பெரும்பகுதி பல இனங்களில் கொல்லொட்டுண்ணிக்கும் உரியது. வயல் பசுமையாக நிற்பது ஒன்றும் நிகழாமையால் அன்று. ஓயாது நிகழும் இம்மறைந்த தொழிலால்.

8. முடிவுரை

உயிருள்ள புழுவை உள்ளிருந்து உண்ணும் இவ்வாழ்க்கை கண்டார் நெஞ்சைக் கலங்கச் செய்வதே. 1860ஆம் ஆண்டில் தம் நண்பருக்கு எழுதிய மடலில் சார்லசு டார்வின், அருளுடைய இறைவன் இத்தகைய குளவிகளை வேண்டுமென்றே படைத்திருப்பான் எனத் தம்மால் நம்ப இயலவில்லை என்னும் கருத்துப்பட எழுதினார். நம் முன்னோரோ அதே குளவியிடத்தே அருளின் உருவத்தைக் கண்டனர். ஒருவர்க்குக் கொடுமையாய்த் தோன்றியது மற்றவர்க்கு உய்தியாய்த் தோன்றிற்று. குளவி இரண்டையும் அறியாது. அது தன் பிள்ளைக்கு உணவு தேடுகின்றது, அவ்வளவே.

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். வேட்டுவன் உவமையில் காட்சி மெய், கருதலே பிழை. இரையைக் கூட்டிற்குக் கொணரும் வேட்டுவனும், இரையையே கூடாக்கும் கொல்லொட்டுண்ணியும் உறவுடையன ஆயினும் வேறானவை. கொல்லொட்டுண்ணி, வேட்டுயிரிலும் ஒட்டுண்ணியிலும் அடங்காத மூன்றாம் வகையாதலின் தனிப்பெயர் வேண்டும். அப்பெயர் வேண்டுவது நூலுக்காக மட்டுமன்று. தமிழ் உழவர் பயிரின் பகைகளுக்கு ஆனைக்கொம்பன், புகையான் என நுண்ணிய பெயர்கள் இட்டனர். கண்ணுக்குத் தெரியாத துணைகளுக்கு நாம் இன்னும் பெயர் இடவில்லை. பெயரில்லாத ஒன்றைக் காக்குமாறு யாரிடமும் சொல்ல இயலாது. ஆனைக்கொம்பனைக் கொல்லும் குளவிக்கும், மாவுப்பூச்சியை அடக்கிய குளவிக்கும், கரும்பின் அட்டையில் பிறக்கும் குளவிக்கும் உழவர் நாவில் நிற்கத்தக்க தமிழ்ப் பெயர்களைக் காணுதல் மொழித்துறையாரும் வேளாண்துறையாரும் ஒருங்கிருந்து செய்ய வேண்டிய பணி. வயலில் இறங்கி உழவரிடம் வழங்கும் சொற்களைத் தொகுப்பதே அதற்கு முதற்படி. அப்பணியை மேற்கொள்ளும் மாணவர்க்கு மதுரையைச் சூழ்ந்த ஊர்கள் நல்ல களமாகும்.